மூளையும் குணமும்

பண்டைய கிரேக்கத்தில் வலிப்பு நோயைத் தெய்வ நோய் என்றார்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஒருவர் சட்டென்று விழுந்து துடிப்பதையும், சற்று நேரத்தில் ஒன்றும் நடவாததுபோல் எழுவதையும் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன், ஹிப்போக்ரடீஸின் மரபில் வந்த ஒரு மருத்துவ நூல் இதை மறுத்தது. வலிப்பும் மற்ற நோய்களைப் போன்றதுதான், அதன் இருப்பிடம் மூளை. மகிழ்ச்சி, துயரம், அச்சம், பித்து எல்லாம் அங்கிருந்தே பிறக்கின்றன என்றது அந்த நூல். பின்னால் வந்த அரிஸ்டாட்டில் இதை ஏற்கவில்லை. உணர்வும் சிந்தனையும் இதயத்தில் இருக்கின்றன, மூளை உடலின் சூட்டைத் தணிக்கும் உறுப்பு என்றார் அவர்.

வாதத்தில் அந்த மருத்துவ நூலே வென்றது. ஆனால் வென்ற கருத்து இன்னும் நம் அன்றாடப் புழக்கத்துக்கு முழுதாக வந்து சேரவில்லை. கை நடுங்கினால் நரம்பில் கோளாறு என்று ஒப்புக்கொள்கிறோம். குணம் மாறினால் மட்டும் திமிர் என்கிறோம், வளர்ப்பு சரியில்லை என்கிறோம், காற்று கருப்பு என்கிறோம். கை நடுக்கத்துக்கும் குண மாற்றத்துக்கும் காரணம் ஒரே உறுப்பில் இருக்கக்கூடும் என்பதை ஏற்க மனம் தயங்குகிறது. நடத்தை என்பது மூளையின் வேலை. அந்த வேலையே மூளையை மாற்றவும் செய்கிறது. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு மனிதரை நியாயமாக மதிப்பிட முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உறுப்பும் அதன் அமைப்பும்

வளர்ந்த மனிதரின் மூளை ஏறத்தாழ 1.3 முதல் 1.4 கிலோ எடை கொண்டது. உடல் எடையில் இது 2 விழுக்காடுதான். ஆனால் ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. அதில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒவ்வொரு நரம்பணுவும் ஆயிரக்கணக்கான பிற அணுக்களோடு தொடர்பு கொண்டிருக்கிறது. தொடர்பு ஏற்படும் இடத்தில் மிக நுண்ணிய இடைவெளி ஒன்று இருக்கிறது. அந்த இணைப்பிடத்துக்கு சினாப்ஸ் என்று பெயர். ஓர் அணுவில் ஓடிவரும் மின்துடிப்பு அந்த இடைவெளியில் ஒரு வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கிறது. எதிரே உள்ள அணு அதை ஏற்று, தூண்டப்படுகிறது அல்லது அடக்கப்படுகிறது. நாம் கோபப்படுவதும் பொறுத்துக்கொள்வதும் கடைசியில் இந்தத் தூண்டலும் அடக்கலும் சேர்ந்து நடத்தும் வேலைதான்.

மூளைத்தண்டு மூச்சையும் இதயத் துடிப்பையும் கவனிக்கிறது. சிறுமூளை அசைவுகளை ஒழுங்குபடுத்துகிறது. பெருமூளையின் ஆழத்தில் உள்ள அமிக்டலா அச்சத்தோடும், ஹிப்போகாம்பஸ் நினைவோடும் நெருங்கிய தொடர்புள்ளவை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடல் திட்டமிடுகிறது, விளைவை எண்ணிப் பார்க்கிறது, வாய்வரை வந்த சொல்லை நிறுத்துகிறது. மனிதரில் மிக மெதுவாக முதிர்வது இந்தப் பகுதியே. அதன் வளர்ச்சி இருபதுகளின் நடுப்பகுதிவரை நீள்கிறது. பதினாறு வயதுப் பையனுக்கு ஆசையின் வேகம் முழுதாக வந்துவிடுகிறது, அதைத் தடுக்கும் வலு முழுதாக வந்திருப்பதில்லை. அவனிடம் பொறுமையாகப் பேச வேண்டும் என்பதற்கு இது ஒரு நல்ல காரணம்.

கேவண்டிஷில் நடந்த விபத்து

மூளைக்கும் குணத்துக்கும் உள்ள தொடர்பைப் பேசும் எந்த நூலும் ஃபினியஸ் கேஜைத் தவிர்ப்பதில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கேவண்டிஷ் என்னும் ஊருக்கு அருகே ரயில்பாதைக்காகப் பாறை உடைத்துக்கொண்டிருந்த குழுவுக்கு அவர் மேஸ்திரி. வயது 25. 1848 செப்டம்பர் 13 அன்று பாறைத் துளையில் வெடிமருந்தை இரும்புக் கம்பியால் திணிக்கும்போது அது வெடித்தது. ஒரு மீட்டருக்கும் சற்று நீளமான, 6 கிலோ எடையுள்ள அந்தக் கம்பி இடது கன்னத்தில் புகுந்து, கண்ணுக்குப் பின்னால் ஏறி, உச்சந்தலையைப் பிளந்துகொண்டு வெளியே போய் விழுந்தது. கேஜ் சாகவில்லை. சில நிமிடங்களில் பேசினார்; மாட்டு வண்டியில் உட்கார்ந்தபடியே ஊருக்குப் போனார்.

அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் ஜான் ஹார்லோ 1868-இல் எழுதிய அறிக்கைதான் இந்த விபத்தைப் புகழ்பெறச் செய்தது. முன்பு நிதானமும் கெட்டிக்காரத்தனமும் கொண்ட கேஜ், விபத்துக்குப் பின் வாய்க்கு வந்தபடி ஏசுபவராக, ஒரு திட்டத்தைத் தொடங்கி உடனே கைவிடுபவராக மாறிவிட்டார் என்று ஹார்லோ பதிவு செய்தார். அவரைத் திறமையான மேஸ்திரி என்று மெச்சிய ஒப்பந்தக்காரர்கள் பழைய வேலையைத் திருப்பித் தரவில்லை. பேச்சும் நடையும் நினைவும் போகாமல், குணம் மட்டும் போகக்கூடும் என்ற செய்தி அன்றைய மருத்துவ உலகுக்குப் புதிது.

கதையைப் பெரும்பாலோர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் கேஜ் பிறகு சிலி நாட்டுக்குப் போய், பல குதிரைகள் பூட்டிய பயணி வண்டியைச் சில ஆண்டுகள் ஓட்டினார். குறித்த நேரத்தில் எழ வேண்டும், குதிரைகளைக் கவனிக்க வேண்டும், பயணிகளிடம் பணிவாக நடக்க வேண்டும், கரடுமுரடான மலைப்பாதையில் வண்டியைச் செலுத்த வேண்டும். அடக்கமே அறியாத ஒருவரால் இந்த வேலையில் நிலைத்திருக்க முடியாது. கேஜின் வாழ்க்கையை ஆராய்ந்த உளவியல் வரலாற்றாளர் மால்கம் மக்மில்லன், அவர் நாளடைவில் பெருமளவு தேறியிருக்க வேண்டும் என்று வாதிடுகிறார். ஒழுங்கான அன்றாட வேலையே அதற்கு உதவியிருக்கலாம். 1860-இல் வலிப்பு கண்டு கேஜ் இறந்தார். அவருடைய மண்டையோடும் அந்தக் கம்பியும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாரன் உடற்கூறு அருங்காட்சியகத்தில் உள்ளன.

ஆக, கேஜ் இரண்டு பாடங்களைத் தருகிறார். மூளைத் திசு சிதைந்தால் குணம் சிதையும் என்பது முதல் பாடம். சிதைந்த மூளையும் வாழ்க்கையின் ஒழுங்கிலிருந்து மீண்டும் கற்கக்கூடும் என்பது இரண்டாவது. முதலாவது உலகப் புகழ் பெற்றது. நோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் அதிகம் தேவைப்படுவது இரண்டாவதுதான்.

பேச்சு ஒன்று, பகுதிகள் பல

1861-இல் பாரிஸ் நகர மருத்துவர் பால் புரோக்கா ஒரு நோயாளியைப் பார்த்தார். லெபோர்ன் என்ற அந்த மனிதருக்குப் பிறர் பேசுவது பெரும்பாலும் புரிந்தது. ஆனால் அவர் வாயிலிருந்து ‘டான்’ என்ற ஒலியைத் தவிர ஏறக்குறைய வேறொன்றும் வரவில்லை. சில நாட்களில் அவர் இறந்தார். மூளையைத் திறந்து பார்த்தபோது இடது முன்மடலின் கீழ்ப்பகுதி சிதைந்திருந்தது. 1874-இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே இதற்கு நேர்மாறான நோயாளிகளை விவரித்தார். அவர்கள் தங்குதடையின்றிப் பேசினார்கள். பேச்சில் பொருள் இல்லை, பிறர் பேசுவதும் விளங்கவில்லை. அவர்களின் சிதைவு இடது பொட்டு மடலின் மேல்-பின் பகுதியில் இருந்தது. நமக்கு ஒரே திறமையாகத் தெரியும் பேச்சு, உள்ளே பல வேலைகளாகப் பிரிந்து கிடக்கிறது என்பது இவ்வாறு வெளிப்பட்டது.

நினைவும் அப்படியே. கடுமையான வலிப்பால் அவதிப்பட்ட ஹென்றி மொலைசன் என்ற 27 வயது அமெரிக்கருக்கு 1953-இல் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் மூளையின் இருபுறமும் பொட்டு மடலின் உட்பகுதியை, ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியோடு சேர்த்து அகற்றினார். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து மொலைசனால் புதிதாக எதையும் நினைவில் நிறுத்த முடியவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் அறையை விட்டு வெளியே போய்த் திரும்பினால், அவரைப் புதியவராகவே பார்த்தார். அறிவுக்கூர்மை குறையவில்லை, இனிய சுபாவம் மாறவில்லை, இளமைக்கால நினைவுகள் பெரும்பாலும் இருந்தன.

உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு சோதனை வைத்தார். கையை நேராகப் பார்க்காமல், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திர வடிவத்தை வரைய வேண்டும். மூன்று நாள் பயிற்சியில் மொலைசனின் கை நன்கு பழகிவிட்டது. அப்படி ஒரு பயிற்சி நடந்ததே அவருக்குத் தெரியாது. நடந்ததை நினைவுகூர்வது ஒரு வேலை, கைப்பழக்கம் இன்னொரு வேலை, இரண்டுக்கும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடு என்பதை அந்தக் கோடுகள் நிறுவின. 2008-இல் இறக்கும்வரை மொலைசன் ஆய்வாளர்களோடு ஒத்துழைத்தார். நினைவைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு, தன் நினைவை இழந்த அந்த ஒருவருக்குக் கடன்பட்டது.

வேதிப்பொருளும் விருப்பமும்

மூளையின் பகுதிகளைப் போலவே அவற்றுக்கிடையே ஓடும் வேதிப்பொருள்களும் நடத்தையை ஆள்கின்றன. இந்த ஆய்வில் நம் நாட்டு மூலிகை ஒன்றுக்கும் இடமுண்டு. இந்திய மருத்துவத்தில் பித்துக்கும் தூக்கமின்மைக்கும் பயன்பட்டுவந்த சர்ப்பகந்தியின் வேரிலிருந்து ரிசர்பின் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 1950-களில் சுவீடன் ஆய்வாளர் அர்விட் கார்ல்சன் அதை முயல்களுக்குச் செலுத்தினார். முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. பிறகு எல்-டோப்பா என்ற பொருளைச் செலுத்தியதும் எழுந்து நடமாடின. மூளை எல்-டோப்பாவை டோபமைனாக மாற்றிக்கொள்கிறது. அசைவுக்கு டோபமைன் தேவை என்பதும், நடுக்குவாத நோயில் டோபமைன் சுரக்கும் அணுக்களே அழிகின்றன என்பதும் அடுத்தடுத்துத் தெளிவாயின. எல்-டோப்பா இன்றும் அந்நோய்க்கு முதன்மையான மருந்து. கார்ல்சனுக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது.

டோபமைனின் வேலை அசைவோடு முடிவதில்லை. உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் நடத்திய ஆய்வுகள் அதன் மற்றொரு முகத்தைக் காட்டின. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமைன் அணுக்கள் வேகமாகத் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டதும், அந்தத் துடிப்பு சாற்றை விட்டு விளக்குக்கு இடம் மாறியது. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே போனது. டோபமைனை இன்பத்தின் வேதிப்பொருள் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இன்பத்தைவிட, எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டையே அது கணக்கிடுகிறது என்பதுதான் துல்லியம். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசு அதனால்தான் மனிதரைக் கட்டிப்போடுகிறது. இணைய ரம்மியை ஆட வைப்பதும், கைபேசித் திரையை நொடிக்கொருமுறை பார்க்க வைப்பதும் இந்த நிச்சயமின்மையே.

நடுக்குவாதத்துக்குத் தரப்படும் சில மருந்துகள் டோபமைனைப் போலவே செயல்படுகின்றன. அவற்றை உட்கொண்ட ஒரு பகுதியினரிடம், அதுவரை சீட்டைத் தொட்டறியாதவர்களிடம்கூட, அடக்க முடியாத சூதாட்ட வெறி தோன்றியதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மருந்தைக் குறைத்தபோதோ நிறுத்தியபோதோ பலருக்கு அந்த வெறி அடங்கியது. வாழ்நாள் முழுவதும் சிக்கனமாக இருந்த ஒருவர் சேமிப்பைச் சூதில் இழக்கிறார் என்றால், அவரை ஏசுவதற்கு முன் அவருடைய மருந்துச் சீட்டையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

நடத்தை மூளையைச் செதுக்குகிறது

இதுவரை சொன்னவை மூளையிலிருந்து நடத்தைக்கு வரும் வழி. எதிர்த்திசையிலும் அதே அளவு போக்குவரத்து உண்டு.

எரிக் கேண்டல் கற்றலை ஆராய ஒரு கடல் நத்தையைத் தேர்ந்தார். அதற்கு சுமார் 20,000 நரம்பணுக்கள்தான். அவை பெரியவை, எளிதில் அடையாளம் காணக்கூடியவை. ஒருமுறை சீண்டப்பட்ட நத்தை சற்று நேரம் எச்சரிக்கையாக இருந்தது. அப்போது ஏற்கெனவே இருந்த சினாப்ஸ்களின் வலுவே மாறியது. மீண்டும் மீண்டும் சீண்டப்பட்ட நத்தையிடம் அந்த எச்சரிக்கை நாள்கணக்கில் நீடித்தது, அப்போது புதிய சினாப்ஸ்களே முளைத்திருந்தன. கற்றல் என்பது உடலில் நடக்கும் கட்டுமானம் என்பதைக் காட்டிய இந்த ஆய்வுக்காக, கார்ல்சனோடு அதே ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்தவர்களில் கேண்டலும் ஒருவர். கால் பட்டுப் பட்டுப் புல்வெளியில் ஒற்றையடிப் பாதை விழுவதுபோல, திரும்பத் திரும்பச் செய்வது மூளையில் தடம் பதிக்கிறது.

மனிதரிடமும் இதைக் கண்ணால் பார்க்க முடிந்திருக்கிறது. லண்டனில் டாக்சி ஓட்ட உரிமம் பெற, நகர மையத்தைச் சுற்றியுள்ள சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். அதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். எலினோர் மக்வயரும் அவருடைய குழுவினரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஓட்டுநர்களின் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. பெரிதாக இருந்ததால்தான் ஓட்டுநர் ஆனார்களோ என்ற கேள்வி எழுந்தது. 2011-இல் வந்த அடுத்த ஆய்வு அதற்குப் பதில் தந்தது. பயிற்சி பெறுவோரைத் தொடக்கத்திலும் முடிவிலும் ஒப்பிட்டபோது, தேர்ச்சி பெற்றவர்களிடம் மட்டும் அந்தப் பகுதி வளர்ந்திருந்தது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் இதே நெகிழ்ச்சியைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தினார். கை துண்டிக்கப்பட்ட சிலருக்கு, இல்லாத கை இறுகிப்போய் வலிப்பதாகத் தோன்றும். 1990-களில் அவர் ஒரு பெட்டியில் கண்ணாடியைச் செங்குத்தாக வைத்து, இருக்கும் கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும்படி செய்தார். அந்தப் பிம்பம் விரல்களை விரிப்பதைப் பார்த்தபோது சிலருக்கு இறுக்கம் தளர்ந்தது. சில நூறு ரூபாயில் செய்துவிடக்கூடிய ஒரு பெட்டி, மூளை தன் உடலைப் பற்றி வைத்திருக்கும் கணக்கைத் திருத்தியது.

இந்த அறிவு தவறாகப் பயன்பட்ட வரலாறு

மூளையைப் பற்றிய அரைகுறை அறிவு பெருந்தீங்கும் செய்திருக்கிறது. 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபிரான்ஸ் யோசஃப் கால் என்ற மருத்துவர், மண்டையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவிப் பார்த்தே ஒருவரின் குணத்தைச் சொல்லலாம் என்றார். மூளையின் பகுதிகளுக்குத் தனித்தனி வேலை உண்டு என்ற அவரது எண்ணம் சரி. மண்டை மேட்டில் அது தெரியும் என்றது முழுத் தவறு. பின்வந்தவர்கள் அந்தத் தவறைக் கொண்டு சில இனத்தாரைத் தாழ்ந்தவர்கள் என்று முத்திரை குத்தினார்கள்.

1935-இல் போர்ச்சுக்கலைச் சேர்ந்த எகாஸ் மோனிஸ், மனநோயாளிகளின் முன்மடலின் நரம்பு இணைப்புகளைத் துண்டிக்கும் அறுவையைத் தொடங்கினார். 1949-இல் அதற்கு நோபல் பரிசும் கொடுத்தார்கள். அமெரிக்காவில் வால்ட்டர் ஃபிரீமன் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார். பல்லாயிரம் பேருக்கு அந்த அறுவை நடந்தது. அவர்களில் பலர் சாந்தமானார்கள். கூடவே ஆர்வமும் முனைப்பும் ஆளுமையும் போயின. நோயாளிக்குக் கிடைத்த நன்மையை அளக்காமல், அவர் அடங்கினாரா என்பதை மட்டும் அளந்த சிகிச்சை அது.

சிறிய அளவில் இந்த அரைகுறை அறிவு இன்றும் தொடர்கிறது. மூளையில் 10 விழுக்காட்டைத்தான் பயன்படுத்துகிறோம் என்பதும், மனிதர்கள் இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர் என இரு வகை என்பதும் ஆதாரமற்றவை. பேச்சு பெரும்பாலோருக்கு இடப்பக்கத்தைச் சார்ந்தது என்பது உண்மை. அதை வைத்து ஒரு குழந்தையைக் கணக்குக்கு ஏற்றவள், கலைக்கு ஏற்றவள் என்று பிரிக்க எந்த அடிப்படையும் இல்லை. விரல் ரேகையைப் பார்த்து மூளைத்திறனைச் சொல்வதாகப் பெற்றோரிடம் பணம் வாங்குவோர், மருத்துவர் கால் செய்த பிழையையே வேறு உடையில் விற்கிறார்கள்.

பழியும் நோயும்

நடத்தைக்குக் காரணம் மூளை என்றால் யாரையும் எதற்கும் பொறுப்பாக்க முடியாதே என்று சிலர் கேட்கிறார்கள். அப்படி ஆகாது. முன்மடல் நலமாக உள்ளவர்களால் நின்று யோசிக்கவும் திருத்திக்கொள்ளவும் முடியும். பொறுப்பு என்பது அந்தத் திறனைத்தான் சார்ந்து நிற்கிறது. அந்தத் திறனையே நோய் பறித்துவிட்ட இடத்தில் பழி பொருந்தாது, சிகிச்சைதான் பொருந்தும். எது எந்த வகை என்று பிரித்தறிய மருத்துவம் தேவை.

இரண்டு நோய்களைச் சொல்ல வேண்டும். முன்மடலையும் பொட்டு மடலையும் தாக்கும் ஒருவகை முதுமறதி நோய் பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்குகிறது. முதலில் மறதி வருவதில்லை. கூச்சம் போகிறது, பிறர் துயரம் தைப்பதில்லை, இனிப்பின் மேல் வெறி வருகிறது, பணம் தாறுமாறாகச் செலவாகிறது. மனைவியும் பிள்ளைகளும் இதைக் கெட்ட புத்தி என்றே ஆண்டுக்கணக்கில் எண்ணி மனம் கசந்துபோகிறார்கள். இன்றுவரை இதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆனால் இது நோய் என்று தெரிந்தாலே வீட்டில் பாதிச் சண்டை நின்றுவிடும், சொத்தையும் மானத்தையும் காப்பாற்ற வழி பிறக்கும்.

மற்றொன்றை 2007-இல் ஜோசப் டால்மவ் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் விவரித்தார்கள். உடலின் எதிர்ப்பாற்றல் தடம் மாறி, மூளையில் என்.எம்.டி.ஏ. என்ற ஏற்பிகளைத் தாக்குகிறது. நலமாக இருந்த இளம்பெண்ணுக்குக் காய்ச்சல், தலைவலி வருகிறது. சில நாட்களில் தூக்கம் போகிறது, குரல்கள் கேட்கின்றன, அலறுகிறாள், முகமும் வாயும் விநோதமாகக் கோணுகின்றன, வலிப்பு வருகிறது. சிலருக்குச் சினைப்பையில் உள்ள கட்டியே இதைத் தூண்டுகிறது. பார்ப்பவர்கள் பேய் பிடித்தது என்பார்கள். கட்டியை அகற்றி, எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகளை உரிய காலத்தில் கொடுத்தால் பெரும்பான்மையோர் தேறிவிடுகிறார்கள். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

தமிழ்நாட்டில் இந்தத் தாமதத்துக்கு ஒரு கொடிய விலை கொடுத்திருக்கிறோம். 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. சட்டம் வந்துவிட்டது; அதன் பின்னால் இருக்க வேண்டிய புரிதல்தான் இன்னும் எல்லா வீடுகளுக்கும் போகவில்லை.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதை யாரும் விட வேண்டியதில்லை. நம்பிக்கை தரும் ஆறுதலும் நோயாளிக்குத் துணைதான். ஆனால் ஒருவரின் குணம் காரணமின்றிச் சில நாட்களிலோ மாதங்களிலோ மாறினால், முதலில் மருத்துவரைப் பாருங்கள். அந்த மாற்றத்தோடு காய்ச்சல், தலைவலி, வலிப்பு, தலைக்காயம், புதிதாகத் தொடங்கிய மருந்து இவற்றில் எதுவும் இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவை கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை தருகிறது. மூளையும் ஓர் உறுப்பு. அது நோயுறும், பல நேரங்களில் தேறவும் செய்யும். நோயுற்றவரைக் குற்றவாளியாக நிறுத்தும் வழக்கத்தை முதலில் நம் வீட்டிலிருந்து நீக்குவோம்.